வாசலோடு நின்ற கால்

என் தம்பி பெண்டாட்டி அம்சவள்ளியை நான் முதன்முதலாகத் திட்டியது அவள் கல்யாணத்தன்று. தாலி கட்டி முடித்த கையோடு என் காதருகில் வந்து, "அண்ணி, பசிக்குது" என்றாள். "பொண்ணா லட்சணமா சித்த நேரம் கம்முனு இருடி" என்றேன். இருந்தாள். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பஸ் ஏறிய பிறகும் இருந்தாள். ஏண்டி இன்னும் சாப்பிடவில்லை என்று கேட்டால், "நீங்கதான் கம்முனு இருக்கச் சொன்னீங்க" என்கிறாள். அவளிடம் இருந்த கோளாறே அதுதான். சொன்னதைச் செய்துவிடுவாள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் செய்துவிட்டு நடுவில் நின்று முழிப்பாள்.

நான் காந்திமதி. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தட்டோடு தள்ளுமுள்ளு பண்ணும் பிள்ளைகளை அதட்டி அதட்டி என் தொண்டையே அப்படி ஆகிவிட்டது. அன்பாகப் பேசினாலும் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரரே அந்தப் பக்கம் போய்விடுவார். அம்சா மட்டும் பயப்பட மாட்டாள். நான் திட்டி முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு, "சரி அண்ணி, இப்ப இன்னா பண்ணணும்?" என்பாள்.

தம்பி பாண்டுரங்கனுக்குக் கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் வீடு. எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற கொஞ்சம் நிலம், ஓடு போட்ட ஒரே அறை, அறையின் ஒரு மூலையில் சாமி. அவர்களுக்கு ஒரே பெண், செண்பகம். இரண்டு வயது முடியும் முன்னே அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது வலது காலும் சேர்ந்து விழுந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை மறுபடி தவழ ஆரம்பித்தது. இளம்பிள்ளைவாதம் என்றார்கள்.

அதற்கப்புறம் அம்சாவுக்கு யோசனை சொல்லாதவர்கள் ஊரில் யாரும் இல்லை. புறா ரத்தம் தடவு என்றார்கள், தடவினாள். மயிலம் பக்கத்தில் ஒருவர் எண்ணெய் போட்டு உருவி விடுவார் என்றார்கள், தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளையைத் தரையில் விடாதே, சூடு ஏறும் என்று ஒருத்தி. இடுப்பிலேயே வைத்திருந்தால் கால் எப்படி வலுக்கும் என்று இன்னொருத்தி. காலையில் இடுப்பில் வைத்திருப்பாள், மத்தியானம் இறக்கி விடுவாள். பாண்டு தன் பங்குக்குத் திரௌபதியம்மனுக்கு வேண்டிக்கொண்டான். பிள்ளை எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மூலையில் தொங்கவிட்டான்.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது. தம்பியிடம் சண்டை போட்டு அம்சாவையும் பிள்ளையையும் அழைத்துப் போனேன். சனிக்கிழமை எனக்கு லீவு. அவள் கிளியனூரில் பஸ் ஏறித் திண்டிவனம் வருவாள், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், இரண்டு பேரும் விழுப்புரம் வண்டியில் ஏறுவோம். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் பிள்ளை என் மடியில் தூங்கிவிடும்.

அங்கே இருதயமேரி என்று ஒரு அம்மா. எக்சர்சைஸ் சொல்லித்தருகிறவர். நல்ல உயரம், குரல் என் குரலுக்குக் குறைந்ததில்லை. முதல் நாளே அம்சாவிடம், "மருந்து மாத்திரையால ஆகிறது இல்லம்மா இது. நான் வாரத்துக்கு ஒரு நாள் பார்க்குறேன், மத்த நாளெல்லாம் நீதான் டாக்டர்" என்றார். அம்சா கலவரமாகி என்னைப் பார்த்தாள். "அண்ணி, நான் அஞ்சாவதுதானே படிச்சேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

காலையும் மாலையும் முட்டியைப் பிடித்து மெதுவாக நீட்ட வேண்டும். பழைய புடவைத் துணியில் மணல் கட்டி முட்டிமேல் வைத்துப் படுக்க வைக்க வேண்டும். உருவி விடவே கூடாது. அம்சா எல்லாவற்றையும் செய்தாள். கூடவே மயிலத்துக்காரரின் எண்ணெயையும் போட்டு உருவிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "அவங்களும் நல்லதுக்குத்தானே அண்ணி சொல்றாங்க" என்றாள். பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் நான் போட்ட சத்தத்தில் மல்லாட்டை விற்கிறவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அன்றோடு எண்ணெய் நின்றது.

முட்டி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. பிறகு காலிப்பர் வந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முட்டியிலும் தோல் பட்டை, கீழே கறுப்பு பூட்ஸ். முட்டியருகில் ஒரு பூட்டு; அதைப் போட்டால் கால் மடங்காமல் நிற்கும். செண்பகம் அதை மாட்டிக்கொண்டு இருதயமேரியின் கையைப் பிடித்து நின்றபோது அம்சா சத்தமாக அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. "எப்பவும் போட்டிருக்கணும்மா. விட்டுட்டா முட்டி மறுபடியும் மடங்கிக்கும்" என்று இருதயமேரி சொன்னார். சரிங்க, சரிங்க என்று அம்சா தலையாட்டினாள்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் குழப்பம் பிடித்தது.

ஒவ்வொரு முறை போகும்போதும் இருதயமேரி முட்டியில் அளவுகோல் மாதிரி ஒன்றை வைத்துப் பார்ப்பார். நீண்டிருந்த முட்டி திரும்பவும் மடங்க ஆரம்பித்திருந்தது. "நீ காலிப்பர் போடுறதே இல்ல" என்பார். "எப்பவும் போடுறேனுங்க" என்பாள் அம்சா. "போட்டா எப்படிம்மா மடங்கும்?" "அதாங்க எனக்கும் புரியல."

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பேன். அம்சாவுக்குப் பொய் சொல்ல வராது. முயற்சி பண்ணினாலும் பாதியில் மாட்டிக்கொள்வாள். பொய் சொல்லி இருதயமேரிக்கு என்ன ஆகப்போகிறது? பஸ்ஸில் பிள்ளையின் கால் நடுவழியில் நீட்டிக்கொண்டு இருப்பதை நானே பார்க்கிறேன். கண்டக்டர் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டு, "ஏம்மா, இந்த இரும்ப மடக்கி வையேன், பேஜாராப் போச்சு" என்று புலம்புவார். "மடக்கக் கூடாதுங்க, டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க" என்று அம்சா பெருமையாகச் சொல்வாள்.

ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கே போய்ப் பார்த்தேன். வாசலில் என் செருப்பை விட்டேன். பக்கத்தில் பாண்டுவின் டயர் செருப்பு, அதற்குப் பக்கத்தில் பிள்ளையின் காலிப்பர், எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே செண்பகம் முட்டிமேல் மணல் மூட்டையோடு படுத்திருந்தாள். அம்சா பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளை, "அத்தே!" என்று மூட்டையைத் தள்ளிவிட்டுத் தரையில் தவழ்ந்து ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டது. ஒரு குறையும் எனக்குத் தென்படவில்லை. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

தை மாதத்தில் மெட்ராஸிலிருந்து பெரிய டாக்டர் வந்து பார்த்தார். அவர் எப்போதாவதுதான் வருவார். "அடுத்த தடவை நான் வரும்போதும் இப்படியே இருந்தா முட்டிக்குப் பின்னால நரம்பை அறுத்துவிட்டுத்தான் நிமிர்த்தணும்" என்றார். அதை அம்சா வீட்டில் போய் அப்படியே சொல்லிவிட்டாள். பாண்டு வெலவெலத்துப் போனான். "பச்சப் புள்ளைக்குக் கத்தி வெக்கறதுன்னா அந்த ஆஸ்பத்திரியே வேணாம். அம்மன் வுட்ட வழி, தவழ்ந்துக்கினே கெடக்கட்டும்" என்று தீர்த்துச் சொன்னான். அவன் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அடுத்த தடவை டாக்டர் வருவதற்குள் முட்டி நீளாவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது.

அம்சா மணல் மூட்டையைப் பெரிதாக்கினாள். காலை, மாலை என்பதை மூன்று வேளை ஆக்கினாள். சோறு இறங்காமல் இளைத்துப்போனாள். "அண்ணி, நான் எங்கியோ தப்பு பண்றேன். எங்கன்னுதான் தெரியல. நீங்களாச்சும் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? திட்டத் தெரியும். திட்டுவதற்கும் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எக்சர்சைஸ் அறையில் தரை முழுக்க ஜமக்காளம் விரித்திருக்கும். 'காலணிகளை வெளியே விடவும்' என்று வாசலில் பெரிதாக போர்டு. நான் செருப்பை விட்டேன். அம்சா தன் செருப்பை விட்டாள், படியில் உட்கார்ந்து பிள்ளையின் காலிப்பரைக் கழற்றி அதையும் செருப்புகளோடு ஓரமாக வைத்தாள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வழக்கமாக நடப்பதுதான். இருதயமேரி முட்டியை அளந்து பார்த்துவிட்டு அளவுகோலை டப்பென்று கீழே வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியே கடகடவென்று ஒரு சத்தம். இரும்பைத் தரையில் இழுக்கிற சத்தம்.

"ஐயையோ, எம் புள்ள காலு!" என்று அம்சா எழுந்து ஓடினாள்.

செவலை நாய் ஒன்று பூட்ஸைக் கவ்விக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கம்பி பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது. அம்சா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எங்களுக்குப் பின்னால் இருதயமேரி. "வுடு! வுடு, சனியனே!" என்று நான் போட்ட கத்தலில் நாய் பூட்ஸைப் போட்டுவிட்டு வேப்பமரத்துப் பக்கம் ஓடிப்போனது. அம்சா அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, தோலில்தான் பல் பதிந்திருந்தது.

இருதயமேரி மூச்சு வாங்கிக்கொண்டே அதை வாங்கிப் பார்த்தார். பூட்ஸைத் திருப்பினார். அடிப்பாகம் தேயாமல், வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

"இதை எங்க வெச்சிருந்த?"

"செருப்பு வுடுற எடத்துலதாங்க."

"எதுக்குக் கழட்டின?"

"உள்ள வர்றோம் இல்லீங்களா."

"எக்சர்சைஸுக்காகக் கழட்டிட்டு வர்றேன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்ல?"

"வீட்லயும் வாசல்லதாங்க வைப்போம். தெனமும் தொடச்சி வெக்கிறேனுங்க."

"அப்ப எப்பதாம்மா போடுவ?"

"எப்பவும் போடுவேனுங்க. எங்க வெளிய போனாலும் போட்டுத்தான் இட்டுக்கினு போவேன். ஒரு நாளு கூட வெறுங்காலோட இட்டுக்கினு போனதில்லீங்க."

இருதயமேரி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் நின்றபடி யோசித்துப் பார்த்தேன். அவர்கள் ஊரில் பிள்ளை வெளியே போவது என்றால் எங்கே? சனிக்கிழமை பஸ்ஸுக்கு. மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள் காலை மடக்கித் தவழ்ந்துகொண்டு கிடக்கும். காலையில் நீட்டியதைப் பகல் முழுக்க மடக்கினால் முட்டி பாவம் என்ன பண்ணும்? அவர்கள் வீட்டு வாசலில் நானே பார்த்தேன், காலிப்பர் கண் கூசுகிற மாதிரி அங்கே இருந்தது. எனக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. செருப்பு வேறு எங்கே இருக்கும்?

இருதயமேரி நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். "நானேதான் எழுதச் சொல்லி மாட்டினேன்" என்றார். "எங்க வீட்லயும் செருப்பு வெளியதான். இத நான் யோசிக்கவே இல்லியே" என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு அம்சாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் காலுலயே இருக்கணும். வீட்டுக்குள்ள, சமையல்கட்டுல, சாப்பிடறப்போ, எல்லா எடத்துலயும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க" என்றாள் அம்சா. அவள் முகத்தைப் பார்த்தால் தெளிந்த மாதிரி இல்லை. முன்னைவிடக் குழம்பிப் போயிருந்தாள்.

பின்னால் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: பெரிய டாக்டர் மறுபடி வந்தபோது கத்திக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆனால் அந்த முட்டி எந்த நாளில் நிமிர ஆரம்பித்தது என்று கேட்டால், இந்த மாசிச் சனிக்கிழமை சாயந்திரத்தைத்தான் சொல்வேன்.

திரும்பும்போது அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நானும் கிளியனூர் பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ்ஸில்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். காலிப்பர் வந்த புதிதில் செண்பகம் அதை மாட்டிக்கொண்டே ஒரு நாள் வீட்டுக்குள் வந்திருக்கிறாள். நேரே சாமி மூலைக்குப் போய், தொங்குகிற மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாண்டு பதறிப்போய் முதுகில் ஒன்று வைத்துவிட்டான். அப்புறம் அவனே தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதானாம்.

"அவரு மேலயும் தப்பு இல்ல அண்ணி. செருப்புத் தோலு பட்டா வேண்டுதலு எப்படிப் பலிக்கும்? மேரியம்மா சொல்றதும் நெசந்தான். நான் இப்ப இத உள்ள கொண்டாந்து, அம்மன் கோவிச்சுக்கினு, இருக்கிற இன்னொரு காலையும் எடுத்துக்கினா? கொண்டாராம வுட்டு, முட்டி மடங்கியே போச்சுன்னா?" என்றாள். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க அண்ணி, இப்ப இன்னா பண்ணணும்?"

எஸ்எஸ்எல்சி வரை படித்தேன். இந்தக் கேள்வி அதில் வரவில்லை. "முதல்ல வீட்டுக்குப் போலாம் வா" என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பாண்டு உள்ளே சாமி மூலையில் திரி போட்டுக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். என் தொண்டையை அடக்கித்தான் சொன்னேன். ஆனாலும் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"டேய் பாண்டு, இனிமே இது வீட்டுக்குள்ள வரணும். புள்ளை காலோடவே வரணும்."

"அக்கா, அது தோலு." அவன் திரும்பவே இல்லை. "நான் இன்னாத்துக்கு முடிஞ்சி வெச்சிக்கிறேன்? புள்ள நடக்கணும்னுதானே? அதுக்கு எதிர்லயே செருப்போட வுட்டா அது எப்படிக்கா நடக்கும்?"

"செருப்போட வுடலைன்னாதாண்டா நடக்காது!"

"நீ ஒண்ணு சொல்ற, சாமி ஒண்ணு சொல்லுது. நான் யாரு பேச்சக் கேக்கறது?" தெரிந்து பிடிவாதம் பிடிக்கிறவனை நாலு அறை விடலாம். இவனும் அம்சா மாதிரியே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்சா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாசற்படியில் நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே டக் டக் என்று சத்தம் கேட்டது. பார்த்தால், செண்பகம் படியில் உட்கார்ந்து, பூட்டைத் தூக்கிவிட்டு, தானே பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சின்ன விரல்கள் எவ்வளவு ஜல்தியாக அவிழ்த்தன தெரியுமா? எத்தனை தடவை பழகியிருக்கும்!

"என்னடி பண்ற?" என்றேன்.

"செருப்பு வெளிய வெக்கணும் அத்தே. இல்லாட்டி அப்பா அடிக்கும்."

சத்தமாகச் சொல்லவில்லை. சண்டை போடுகிற பெரியவர்களுக்கு நடுவில் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சொன்னது. உள்ளே பாண்டுவின் கையில் தீக்குச்சி எரிந்து அணைந்தது. அவன் அடுத்ததைக் கிழிக்கவில்லை.

எழுந்து வெளியே வந்தான். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சேறு காய்ந்திருந்த தன் டயர் செருப்பில் காலை நுழைத்தான். அப்படியே திரும்பிப் படியைத் தாண்டி உள்ளே போனான். அம்சா காலையில் சாணம் போட்டு மெழுகிய தரையில் தடம் பதியப் பதிய நடந்துபோய், அந்த மஞ்சள் துணிக்கு நேர் கீழே நின்றான்.

"ஏங்க! ஐயோ, இன்னாங்க பண்றீங்க?" என்று அம்சா அலறினாள்.

"அம்மன் அடிக்கிறதா இருந்தா மொதல்ல என்ன அடிக்கட்டும்." "செம்பகம், நீ வா. அப்பா அடிக்காது. அதப் போட்டுக்கினே வா."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்சா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். அவள் குனிந்து பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி, பூட்டைப் போட்டுவிட்டாள். செண்பகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைப் படிக்கு அந்தப் பக்கம் வைத்தது. இரும்புக் காலைச் சுற்றி வளைத்துத் தூக்கி உள்ளே போட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து அறையைத் தாண்டி அப்பாவுக்கு எதிரில் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் துணி அது பாட்டுக்குத் தொங்கியது.

பிள்ளை குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தது.

"அப்பா, செருப்ப வெளிய வுடு."

"நீயுந்தானே போட்டுக்கினு வந்துக்கிற?" என்றான் பாண்டு.

"எனக்குத்தான் காலு நிக்காது. ஒனக்குத்தான் நிக்குதே."

பாண்டு வெளியே வந்து செருப்பை விட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கால் கழுவ ஆரம்பித்தான். வெகுநேரம் கழுவினான்.

அம்சா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. உள்ளே பிள்ளை சுவரோரமாக ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு டொக் டொக்கென்று போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றாள், "இப்ப இன்னா பண்ணணும்?"

காலையிலிருந்து நாங்கள் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது.

"பசிக்குதுடி" என்றேன். "சோத்த வடி. நீயும் எங்ககூட உக்காந்து தின்னு."